கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம்

சிக்கிஹோர் தீவு
ஜூன் 9

அன்பு மகள் மெர்லிண்டாவுக்கு,

உன் அப்பா அனக்லேத்தோ தன் கையால் எழுதுவது. ஆமாம், தன் கையால். எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் சீலா டீச்சர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் பேனாவைத் தொடவில்லை. நான் நலம். நீயும் மாப்பிள்ளை டங்கனும் பேத்தி டெஸ்ஸாவும் அந்தப் பனி ஊரில் நலமா?

மாதா கோயிலுக்குப் பின்னால் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. வகுப்பு மாலையில். கள் இறக்க மரம் ஏறும் நேரமும் மாலைதான். ஏதாவது ஒன்றை விட வேண்டும். மரத்தை விட்டேன். எழுபத்தொரு வயதில் மரத்தை விடுவதற்கு நல்ல சாக்கு கிடைத்தது என்று வைத்துக்கொள். வீட்டைச் சுற்றியுள்ள தென்னைகள் இப்போது ஓய்வெடுக்கின்றன. பக்கத்து வீட்டு டொரோய்க்கு அது பொறுக்கவில்லை.

"அண்ணே, மரமெல்லாம் சும்மா நிக்குது. எங்கிட்ட குடுங்க, நான் ஏறுறேன்."

"காய் பிடிக்கட்டும்டா. என் பேத்தி இளநீர் குடிக்க வர்றா."

"வர்றேன்னு சொன்னாங்களா?"

"சொல்லுவாங்க. நான் எழுதிக் கேட்கப்போறேன்."

அதனால் எழுதிக் கேட்கிறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு மூவரும் வாருங்கள். போனில் கேட்டால் நீ "சாப்பிட்டீங்களா அப்பா" என்பாய், நான் "சாப்பிட்டேன்" என்பேன், அதற்குள் சிக்னல் போய்விடும். கடிதம் அப்படி அல்ல. முடிகிறவரை யாரும் குறுக்கே பேச முடியாது.

ஒரு செய்தி. நான் இத்தனை வருஷம் உப்பு வாங்கிய கடையின் பலகையில் "கோழித் தீவனம்" என்று எழுதியிருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டேன். "உப்பும் உண்டு" என்றார்.

விரல் வலிக்கிறது. நிறுத்துகிறேன். மூவருக்கும் முத்தம்.

உன் அப்பா
அனக்லேத்தோ


வின்னிபெக்
ஜூலை 2

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். உங்கள் கடிதத்தைத் தபால்பெட்டி முன்னாலேயே நின்று படித்தேன். பக்கத்து வீட்டுக்காரி, ஏதாவது துக்கச் செய்தியா என்று ஓடி வந்தாள். இப்போது அது குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. டெஸ்ஸா உங்கள் கையெழுத்தைத் தன் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, "தாத்தா என் வகுப்பா?" என்று கேட்டாள்.

கிறிஸ்துமஸைப் பற்றி. நேராகவே எழுதுகிறேன். எனக்கு இன்றே கிளம்பிவிடலாம் போலிருக்கிறது. டங்கனுக்குத்தான் மனம் வரவில்லை. முன்பு வந்தபோது டெஸ்ஸாவுக்கு டெங்கு வந்ததை அவர் மறக்கவில்லை. கையில் ஊசிக்குழாயோடு அவள் கண் திறக்காமல் கிடந்ததும், ஆஸ்பத்திரி பெஞ்சில் இவர் செருப்புகூட இல்லாமல் உட்கார்ந்திருந்ததும் உங்களுக்கும் நினைவிருக்கும். டெங்குவில் நான்கு வகை உண்டு அப்பா. ஒரு வகை வந்து போனவர்களுக்கு வேறொரு வகை வந்தால், அது முதல் முறையைவிட மோசமாகப் போகலாம். இங்குள்ள டாக்டர் அதைச் சொன்னதிலிருந்து, உங்கள் தீவின் பெயரை எடுத்தாலே டங்கன் எழுந்து போய்விடுகிறார்.

"கொசு இல்லாத ஊர் எத்தனையோ இருக்கே. அங்க போவோம். உங்கப்பாவையும் அங்க வரச் சொல்லு" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நவம்பருக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தை விட்டதில் எனக்கு நிம்மதி.

உங்கள் மகள்
மெர்லி


சிக்கிஹோர்
ஜூலை 25

அன்பு மெர்லி,

நான் நல்ல சுகம். உங்கள் மூவரின் சுகத்துக்கும் ஞாயிறுதோறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

மாப்பிள்ளை பயப்படுவது சரிதான். ஆனால் நான் கொசுவோடு போர் தொடங்கிவிட்டேன் என்று அவரிடம் சொல்.

சுகாதார நிலையச் சுவரில் ஒரு பெரிய படம் தொங்குகிறது. நீண்ட கால்கள், உடம்பெல்லாம் வரிவரி. சேவல் சண்டை விளம்பரம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். போன வாரம்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கொசு! பகலில் கடிக்கும் கொசு! தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுமாம். படித்து முடிப்பதற்குள் ஒன்று என் கழுத்திலேயே கடித்தது.

வீட்டுக்கு வந்து தண்ணீர்ச் சாடிகளுக்குத் துணி கட்டினேன். பழைய டயரைப் புதைத்தேன். சிரட்டைகளைக் கவிழ்த்தேன். மாதா சிலையின் பூச்சாடியில் தண்ணீருக்குப் பதில் ஈரமணல் போட்டேன். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளும் பிள்ளை பெற்றவள். உங்களுக்காகக் கட்டும் குடிசையின் ஜன்னல்களில் கம்பிவலை அடித்தாயிற்று.

சுகாதாரப் பணியாளர் பெடிங் டார்ச்சோடு சோதனைக்கு வந்தாள்.

"மாமா, இது உங்க வீடுதானா? வழி தவறி வந்துட்டேனோ?"

"ஒரே ஒரு கொசுப்புழு காட்டு. என் சேவலை உனக்குத் தர்றேன்."

"வேண்டாம் மாமா. அது உங்களைவிடக் கிழம்."

சாடி, வாளி, பன்றித் தொட்டி, எல்லாவற்றிலும் குனிந்து குனிந்து பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஊரிலேயே சுத்தமான வீடு என்று சொல்லிவிட்டுப் போனாள். இதை மாப்பிள்ளைக்கு உரக்கப் படித்துக் காட்டு.

வெற்றியோடு முடிக்கிறேன்.

அப்பா


வின்னிபெக்
ஆகஸ்ட் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலமறிய ஆவல்.

உரக்கவே படித்தேன். சேவல் இடத்தில் டங்கன் சிரித்தார். இந்த விஷயத்தில் அவர் சிரித்து வெகு நாளாயிற்று. பிறகு உங்கள் வீட்டுப் பழைய புகைப்படத்தில் காட்டச் சொல்லி, குடிசை எந்தப் பக்கம் வருகிறது, மரங்கள் எங்கே என்றெல்லாம் கேட்டார். பாதி மனம் வந்துவிட்டது அப்பா.

மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். இந்த மழையில் அக்கம்பக்கத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்ததா? உள்ளதை எழுதுங்கள். யாருக்கும் இல்லை என்றால் டிக்கெட் பார்க்கத் தொடங்கலாம் என்கிறார்.

போனில் பிடிக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை. உடனே எழுதுங்கள்.

மெர்லி


சிக்கிஹோர்
செப்டம்பர் 27

அன்பு மெர்லி,

எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம்தான்.

பதில் எழுதத் தாமதமாயிற்று. மழை. போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. வகுப்புக்குக் கொஞ்ச நாளாகப் போகவில்லை, அதனால்தான் எழுத்து கோணல். உள்ளங்கை வேறு அரிக்கிறது. தோல் உரிகிறது. பேனா பிடித்துப் பழக்கமில்லாத கை, அதனால் இருக்கும்.

டொரோய் மனைவி தினமும் கஞ்சி கொண்டுவருகிறாள். பப்பாளி இலைச் சாறும் கொண்டுவருகிறாள். அதைவிடக் கசப்பான ஒன்றை ஆண்டவன் படைக்கவில்லை. புதுக் குடிசையில் கொசுவலை கட்டி, அது தாங்குகிறதா என்று பார்க்கப் பகலிலும் அதற்குள்தான் படுத்திருக்கிறேன். நன்றாகத் தாங்குகிறது.

ஊரில் பெரிதாக ஒன்றுமில்லை. டிக்கெட் கிடைத்ததா? கிறிஸ்துமஸ் பன்றிக்கு டொரோயிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

டெஸ்ஸாவுக்கு முத்தம்.

அப்பா


வின்னிபெக்
அக்டோபர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமில்லை. அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை, தெரிந்தே எழுதுகிறேன்.

அப்பா, என் வேலை நோயாளிகளைப் பார்ப்பது. டெங்கு இறங்கும்போதுதான் உள்ளங்கை அப்படி அரிக்கும். கஞ்சி, பப்பாளி இலை, பகலில் கொசுவலை, ஒன்றரை மாத மௌனம். நான் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. உங்களுக்கு டெங்கு வந்திருக்கிறது. தனியாகக் கிடந்திருக்கிறீர்கள். டொரோயின் வாயையும் கட்டிப்போட்டிருக்கிறீர்கள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் நாங்கள் வரமாட்டோம். ஆனால் அப்பா, தெரியாமல் வந்து டெஸ்ஸாவுக்கு மறுபடி வந்திருந்தால்?

படித்துவிட்டுக் குளியலறையில் அழுதேன். கோபம் பாதி, நீங்கள் பிழைத்தது பாதி. டங்கனிடம் இன்னும் சொல்லவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. அவ்வளவு சுத்தமான வீட்டில் கொசு எங்கிருந்து வந்தது? உங்கள் கடிதங்களை எல்லாம் மறுபடி படித்தேன். ஜூனில் மரம் ஏறுவதை விட்டீர்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மழைக்காலத்தில் நீங்கள் மரத்திலிருந்து இறங்கி வந்தால் உங்கள் கால்விரல்களில் எப்போதும் சேறு இருக்கும். ஏன் என்று கேட்டால், "படியில தண்ணி நிக்கும்மா" என்பீர்கள். மரத்தில் ஏற நீங்கள் வெட்டிய படிகளில் நிற்கும் மழைத்தண்ணீர். தினமும் ஏறும்போதும் இறங்கும்போதும் உங்கள் கால் பட்டுச் சிதறும். இந்த வருஷம் யார் கால் பட்டது?

போய்ப் பாருங்கள். நீங்கள் ஏற வேண்டாம். டொரோயை ஏறச் சொல்லுங்கள்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள் மெர்லி


சிக்கிஹோர்
நவம்பர் 5

மாப்பிள்ளை டங்கனுக்கு,

மாமனார் அனக்லேத்தோ எழுதும் முதல் கடிதம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மெர்லி, இதை ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டு.

ஆகஸ்ட் முடிவில் எனக்கு டெங்கு வந்தது. டொரோய் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டிலும் வந்தது. யாருக்காவது காய்ச்சலா என்று நீங்கள் கேட்டபோது நான் பதில் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று எழுதவில்லை. உங்கள் பிள்ளையின் உயிரைப் பற்றிய கேள்வியை நான் தாண்டிப் போயிருக்கக் கூடாது.

மெர்லி சொன்னபடி மரத்தைப் பார்த்தோம். டொரோய் கரண்டியோடு ஏறினான். இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணே! இது படி இல்ல. பிரசவ ஆஸ்பத்திரி!"

கரண்டியைக் கீழே நீட்டினான். அதில் கொசுப்புழுக்கள் துள்ளின. எல்லா மரங்களிலும், எல்லாப் படிகளிலும் அப்படித்தான். மழையில் கால் வழுக்கக் கூடாதென்று படிகளை உள்பக்கம் சாய்த்து ஆழமாக வெட்டுவோம். இந்தத் தீவில் கள் இறக்குகிற எல்லாரும் அப்படித்தான் வெட்டுகிறார்கள். காலுக்கு நல்லது. தண்ணீருக்கும் நல்ல கிண்ணம். நான் ஏறிக்கொண்டிருந்தவரை என் காலே அதைக் காலி செய்தது. நான் பேனா எடுத்தேன், கொசு குடும்பம் நடத்த வந்துவிட்டது.

பெடிங் வந்து பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் குனிஞ்சே தேடினோமே மாமா. ஒருத்தரும் நிமிர்ந்து பாக்கலையே!"

"சேவலைப் பிடிச்சுக்கோ. நீ ஜெயிச்சுட்டே."

"சொன்னேனே மாமா, வேண்டாம்னு!"

இப்போது ஒவ்வொரு படியின் ஓரத்திலும் அரிவாளால் சின்ன வாய்க்கால் வெட்டியிருக்கிறோம். தண்ணீர் நிற்பதில்லை, வடிந்துவிடுகிறது. காலுக்கும் பிடி இருக்கிறது. ஏறாமல் விட்ட மரம் வைத்திருக்கிற மற்றவர்களும் வெட்டுகிறார்கள். டொரோய் ஊர் ஊராகப் போய், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரிப் பேசுகிறான்.

ஆனால் மாப்பிள்ளை, இங்கே மழை ஜனவரி வரை விடாது. என் மரத்துக்கு நான் பொறுப்பு. அடுத்த ஊரில் எந்த வாளியில் என்ன நெளிகிறது என்று எனக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம்.

இந்த ஒரு வரியை எழுத ஒரு காலைப்பொழுது ஆயிற்று. எழுத்து கடினமாக இருந்ததால் அல்ல.

ஏப்ரலில் இங்கே மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும். கொசு அப்போதும் இருக்கும், ஆனால் மிகக் குறைவு என்று பெடிங் சொல்கிறாள். அப்போது வர மனமிருந்தால் வாருங்கள். மனமில்லை என்றாலும் வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். வருத்தம் இருக்கும். ஆனால் கோபம் இருக்காது.

டெஸ்ஸாவைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அனக்லேத்தோ


வின்னிபெக்
டிசம்பர் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கு உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம். வாசலில் பனி முழங்கால் வரை.

டங்கனுக்கு ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். காய்ச்சல் பகுதியில் அவர் முகம் கல் ஆயிற்று. "ஒளிச்சு வெச்சிருக்கார்" என்றார். தொடர்ந்து படித்தேன். வர வேண்டாம் என்ற வரி வந்ததும், "மறுபடி படி" என்றார். படித்தேன். எழுந்து மேலங்கியைப் போட்டுக்கொண்டு பனி அள்ளப் போய்விட்டார். எங்கள் வாசலை அள்ளி, பக்கத்து வீட்டு வாசலையும் அள்ளிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"கண்டிப்பா வாங்க, ஒண்ணும் ஆகாதுன்னு எத்தனையோ பேர் எங்கிட்ட சொல்லியிருக்காங்க. வராதேன்னு சொன்னது உங்கப்பா ஒருத்தர்தான்" என்றார். கையுறையைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் டெஸ்ஸாவின் டாக்டரிடம் போனோம். காய்ந்த மாதம், பகலிலும் கொசுமருந்து, முழுக்கைச் சட்டை, காய்ச்சல் என்றால் அன்றே பரிசோதனை. இவ்வளவும் செய்தால் போகலாம், ஆபத்து முழுதும் போய்விடாது, குறையும் என்றார். அவர் ஒளிக்காமல் சொன்னதும் டங்கனுக்குப் பிடித்துவிட்டது.

ஏப்ரல் இரண்டாம் வாரம் வருகிறோம் அப்பா. மூன்று பேரும். டிக்கெட் வாங்கியாயிற்று.

கிறிஸ்துமஸ் அன்று தனியாகச் சாப்பிடாதீர்கள். டொரோய் வீட்டுக்குப் போங்கள்.

மெர்லி


சிக்கிஹோர்
மார்ச் 3

அன்பு மெர்லிக்கும் மாப்பிள்ளைக்கும்,

சுகம், சுகம், சுகம். மூன்று முறை எழுதினால் நம்புவீர்கள் அல்லவா?

மழை நின்றுவிட்டது. கிணறு இறங்கிவிட்டது. பெடிங் வாரம்தோறும் வருகிறாள். இப்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறாள், போன வாரம் பன்றிமேல் தடுக்கி விழுந்தாள். இரண்டு தெரு தள்ளிக் காய்ச்சல் வந்த வீட்டுக்காரர்களோடு சேர்ந்து, தண்ணீர் தேங்கிய அவர்கள் கூரைத் தகரத்தையும் சரிசெய்துவிட்டோம். என் கண்ணுக்கு எட்டிய இடத்தில் தண்ணீர் தேங்கவில்லை. எட்டாத இடத்துக்கு ஆண்டவன் பொறுப்பு.

உங்கள் குடிசைக் கதவில் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன். மூன்று பெயர்கள். டங்கன் என்பதை எழுத இரண்டு பலகை வீணாயிற்று. உங்கள் ஊரில் பெயர்களைக் கொஞ்சம் எளிதாக வைக்கக் கூடாதா?

இதற்கு நீங்கள் பதில் போட்டு, நான் மறுபடி எழுதினால், அது அங்கே சேர்வதற்குள் நீங்கள் இங்கே வந்துவிடுவீர்கள். ஆகவே நிறுத்துகிறேன். படகுத்துறையில் நிற்பேன். தொப்பி போட்ட கிழவன் நான்தான்.

அப்பா


வின்னிபெக்
மே 11

அன்புள்ள மாமாவுக்கு,

டங்கன் எழுதுவது. நான் சொன்னதை மெர்லி உங்கள் மொழியில் எழுதித் தந்தாள். அதைப் பார்த்து நான் என் கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது. உங்களுக்கு இதில் அனுபவம் உண்டு, பொறுத்துக்கொள்வீர்கள். உங்கள் சுகத்தை முதலில் கேட்க வேண்டுமாம். சுகமா?

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். ஊர் திரும்பிய நான்காம் நாள் காலை டெஸ்ஸாவின் உடம்பு சுட்டது. மெர்லி வேலைக்குப் போயிருந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மறுபடி அதே மாதிரி ஒரு பெஞ்ச். ரத்தம் எடுத்தார்கள். காத்திருந்தபோது உங்களை நினைத்தேன். திட்டுவதற்கு அல்ல. நான் அப்படி உட்கார்ந்திருந்த முதல் முறை, உங்கள் ஊர் ஆஸ்பத்திரிப் பெஞ்சின் மறுமுனையில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று அவரும் பயந்திருப்பார் என்று இப்போதுதான் தோன்றியது.

டெங்கு இல்லை. தொண்டையில் புண். மருந்து கொடுத்தார்கள். இப்போது வீடு இடிகிற மாதிரிக் குதித்துக்கொண்டிருக்கிறாள்.

இனி அவளுக்கும் உங்களுக்கும் ஒரே சட்டம். இரண்டு பேருக்குமே இன்னொரு முறை வரக்கூடாது. கொசுமருந்து ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அவள் பூசிக்கொண்ட மாதிரி நீங்களும் பகலில் பூசிக்கொள்ள வேண்டும்.

நேற்று டெஸ்ஸாவின் பள்ளிக்குப் போனேன். விடுமுறையைப் பற்றி ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து சொல்ல வேண்டும். எங்கள் முறை வந்தது. ஆஸ்பத்திரி, ஊசி, கொசு என்று ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்று, "ஒரு பன்னி என் செருப்பைத் தின்னுடுச்சு. தாத்தா அதுகிட்ட கேட்டுப் பாத்தார், அது திருப்பித் தரலை" என்றாள். வகுப்பே சிரித்தது. ஆசிரியை "வேறென்ன?" என்றார். "அவ்ளோதான். அடுத்த வருஷம் வேற செருப்பு போட்டுட்டுப் போவேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நான் அவளைத் திருத்தவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் செருப்பு வாங்கினோம்.

அன்புடன்
உங்கள் மாப்பிள்ளை
டங்கன்